தலை எண்ணிக்கை

காலை ஏழரை. கடற்கரைச் சாலையில்
குளிர்ந்த பேருந்தின் கண்ணாடி வியர்க்கிறது.
ஒரு நாளில் இரண்டு ஊர், நான்கு நூற்றாண்டு,
மதியச் சாப்பாடு உள்பட, காபி நீங்கலாக.
என் ஆரஞ்சுக் குடையைத் தூக்கிப் பிடித்தேன்.
ஸ்பெயினிலிருந்து வந்த இருபத்திரண்டு பேர்
அதன் பின்னால் வாத்துக் கூட்டம் போல.

நான் ஸ்பெயினைப் பார்த்ததில்லை.
அவர்கள் பாஷையை லாஸ்பேட்டை மாடியறையில்
கொசுவத்திப் புகைக்குள் இரண்டு வருஷம்
ஈரத்துணி மாதிரி உதறி உதறிக் கற்றேன்.
கடந்த காலம் அதில் இரண்டு வகை:
முடிந்துபோனது ஒன்று,
முடிந்தும் நடந்துகொண்டே இருப்பது ஒன்று.
கைடு வேலைக்கு இரண்டாவதுதான் அதிகம் செலவாகிறது.

மஞ்சள் சுவர். வாய்க்கால். அந்தப் பக்கம் அவர்கள்,
இந்தப் பக்கம் நாம். போட்டோவுக்கு ஐந்து நிமிஷம்.
நீலக் கதவு வீட்டின் முன் நின்று
எப்போதும் சொல்வதைச் சொன்னேன்:
கப்பலேறிப் போனவனுக்காக ஒருத்தி
இந்த ஜன்னலில் விளக்கேற்றினாள்,
பதினோரு வருஷம்.
ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
வீடு கட்டி எட்டு வருஷம்கூட ஆகவில்லை.
கீழே கேக் கடை, மேலே வக்கீல்.

கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தவர் மட்டும்
ஜன்னலைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.

அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம்,
கன்னியக்கோயிலில் வரிசையாய்ச் சாராயக் கடைகள்.
"இவை என்ன நினைவுச்சின்னம்?"
"எல்லை" என்றேன்.
பாஷை புரியாத டிரைவர் தேசிங்கும் சிரித்தான்.
ஊர்ப்பலகையைக் குத்தலோரே என்று படித்தார்கள்.
கடலூர். ழகரம் இல்லை, பிழைத்தார்கள்.

பெண்ணையாறு தாண்டி நிறுத்தச் சொன்னேன்.
குண்டு உப்பலவாடி. இங்கே பொய் தேவையில்லை.
கோட்டையை வாங்கியவர்கள் பீரங்கியைச் சுட்டார்கள்;
குண்டு போய் விழுந்த தூரம்வரை அவர்கள் மண்.
விழுந்த இடத்தின் பேரோடு குண்டும் ஒட்டிக்கொண்டது.
காட்டுவதற்கு ஒன்றுமில்லை.
ஒரு பேக்கரி, சிலிண்டர் வண்டி,
கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும் ஆடு.
நீலக் கதவுக்கு அழுத அம்மாள்
இதை நம்பவில்லை.

மஞ்சக்குப்பத்தில் சாப்பாடு.
அவர் என் எதிரில் உட்கார்ந்து
பலகையைத் தட்டி "மேசா" என்றார்.
"மேசை" என்றேன்.
சரிதான் என்பதுபோல வஞ்சிரத்தைப் பிட்டார்.
பெயர் எலாதியோ. என் வயதுதான் இருக்கும்.
தொலேதோ நகரத்தில் இருபத்தாறு வருஷம், பச்சைக் குடை.
கல் பாவிய மேட்டுச் சந்துகள்
முழங்காலைத் தின்றுவிட்டன.

"உன் நீலக் கதவு நன்றாக இருந்தது."
சோறு தொண்டையில் நின்றது.
"எனக்கு ஒரு கை இருந்தது, சுவரில்.
கல்யாணத்துக்கு முந்தின நாள் சாரத்திலிருந்து விழுந்த கொத்தன்
ஈரச் சுண்ணாம்பில் பதித்துவிட்டுப் போன கை.
உண்மையில் நகராட்சி பெயின்டர் துடைத்தது.
இப்போது புத்தகத்தில் அச்சாகிவிட்டது."
வருத்தமாகத்தான் சொன்னார்.
மீசை மட்டும் கொஞ்சம் பெருமைப்பட்டது.

தேவனாம்பட்டினத்தில் கோட்டை என்பது
செங்கல் கொஞ்சம், முள் நிறைய.
அதைவிடக் கடலையே அதிகம் எடுத்தார்கள்.
இருட்டுவதற்குள் வண்டி ஏற்றி
வாசலில் நின்று தலை எண்ணினேன். இருபத்திரண்டு.
பின் சீட்டிலிருந்து உதடு அசைய
அவரும் எண்ணிக்கொண்டிருந்தார்.
"இருபத்து மூன்று."
மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுதான்.
தேசிங்கு ஹாரன் அடித்தான்.

கிருமாம்பாக்கம் வந்த பிறகுதான் உறைத்தது:
குடை பிடிப்பவர் தன்னை எண்ணுவதில்லை.

மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு
முதன்முறையாக ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
ஆற்றுப் பாலம், மதில், வாசல் என்று
தொலேதோவுக்குள் எங்களைக் கூட்டிப்போனார்.
ஒரு திருப்பத்தில் குரலைத் தாழ்த்தி,
"இடப்பக்கம் பாருங்கள், அந்தக் கை" என்றார்.
எல்லோரும் பார்த்தோம்.
தவளக்குப்பத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரர்
விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.